போட்டுக் காட்டிக் கற்ற தொழில்

ஆவணக் குறும்படம் எடுக்கக் கற்றுத்தரும் பயிற்சி எங்கே நடந்தாலும் அதன் பாட வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. கேமராவில் தொடங்கும், லென்ஸ், வெளிச்சம், மைக், ஷாட் வகைகள் என்று நகர்ந்து எடிட்டிங் மென்பொருளில் வந்து முடியும். எடுத்ததை யாருக்குப் போட்டுக் காட்டுவது, எந்தக் கட்டத்தில் காட்டுவது, பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டு எதை மாற்றுவது என்பதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவதில்லை. கடைசி நாள் மாலை எல்லாப் படங்களையும் ஒரு தடவை ஓட்டி, கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலின் நூறாண்டுக் கதையைப் புரட்டினால் அந்த வரிசை தவறு என்றே எனக்குப் படுகிறது. கருவியைக் கையாளப் பழகுவது எந்தக் காலத்திலும் சில வாரங்களில் முடிந்த வேலை. எடுத்த படம் எடுத்தவரின் கண்ணுக்கும், படத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கும் திரும்பி வந்த இடத்தில்தான் கதை சொல்லும் திறமை பிறந்திருக்கிறது. திரும்பி வரும் அந்தப் பாதை எங்கெல்லாம் சுருக்கமாக இருந்ததோ அங்கெல்லாம் தொழில் வேகமாகக் கைவந்திருக்கிறது. எங்கெல்லாம் அடைபட்டுக் கிடந்ததோ அங்கெல்லாம் நல்ல கருவியும் நிலையான சம்பளமும் இருந்தும் படங்கள் வறண்டுபோயிருக்கின்றன.

ராபர்ட் ஃபிளாஹர்ட்டியிலிருந்து தொடங்கலாம். அவர் சினிமாக்காரர் அல்ல. கனடாவின் வடபகுதியில் இரும்புத் தாது தேடிப் போனவர். 1913-ல் அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது ஒரு சினிமா கேமராவையும் எடுத்துப்போகச் சொன்னார் அவரை அனுப்பிய முதலாளி. அதற்காக அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மூன்று வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டார். அவருடைய தொழில்நுட்பக் கல்வி அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அங்கே வாழும் இன்யூட் பழங்குடி மக்களின் வாழ்க்கையைப் பல்லாயிரம் அடிப் படச்சுருளில் எடுத்தார். 1916-ல் டொரண்டோவில் அதைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது சிகரெட் நெருப்புப் பட்டு நெகட்டிவ் எரிந்துபோனது. மிஞ்சியது ஒரே ஒரு பிரதி. அதைப் பலருக்கும் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் மரியாதைக்குப் பார்த்தார்கள், யார் மனமும் அதில் ஒட்டவில்லை. இங்கே ஒரு காட்சி, அங்கே ஒரு காட்சி, நடுவே இழை எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னாளில் தானே அதை எழுதியும் வைத்தார். மறுபடி போனால் ஒரு வேட்டைக்காரரையும் அவர் குடும்பத்தையும் மட்டும் பின்தொடர்வது என்ற முடிவு அந்தத் திரையிடல்களிலிருந்து வந்தது. மூன்று வாரப் பயிற்சி தராத பாடத்தை, படம் பார்த்துச் சலித்த முகங்கள் தந்தன.

1920-ல் ஒரு விலங்கு ரோம வியாபார நிறுவனத்தின் பணத்தில் ஹட்சன் விரிகுடாக் கரைக்குத் திரும்பிய ஃபிளாஹர்ட்டி, இந்தத் தடவை கேமராவோடு படம் கழுவும் சாமான்களையும், பிரதி எடுக்கும் கருவியையும், புரொஜெக்டரையும் கொண்டுபோனார். பிரதி எடுக்க மின்விளக்கு வெளிச்சம் சீராக நிற்கவில்லை. அதனால் ஜன்னலை அடைத்து, ஒரு ஃபிரேம் அளவுக்கு மட்டும் திறப்பு விட்டு, பகல் வெளிச்சத்திலேயே பிரதி எடுத்தார். கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். உறைந்த பனியைப் பல அடி ஆழம் வெட்டித் துளை போட்டு, பீப்பாயில் மொண்டு வரவேண்டும். அதில் தோலாடைகளிலிருந்து உதிர்ந்த மான் மயிர் மிதக்கும். அதைப் பொறுக்கி எடுக்காவிட்டால் படத்தில் ஒட்டிக்கொள்ளும். படம் காயும் முன் கரி தீர்ந்துபோனால், கடற்கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளைத் தேட ஆள் போகவேண்டும். இவ்வளவு பாடும் எதற்கு? சுருள்களை அப்படியே கட்டி ஊருக்கு அனுப்பியிருக்கலாமே? எடுத்ததை எடுத்த இடத்திலேயே, அதில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். வால்ரஸ் வேட்டையை முதன்முதலாகத் திரையில் பார்த்த இன்யூட் மக்கள், விட்டுவிடாதே, பிடி என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். அதற்குப் பிறகு அடுத்து எதை எடுக்கலாம் என்று அவர்களே யோசனை சொல்ல வந்தார்கள். 1922-ல் வெளியான ‘நானூக் ஆஃப் தி நார்த்’ இப்படி உருவானது. அது குறும்படம் அல்ல. நாயகனின் பெயர்கூட உண்மைப் பெயர் இல்லை. உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டினார்கள். துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார்கள். இந்தக் குறைகளை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எரிந்துபோன முதல் படத்துக்கும் இதற்கும் இடையில் ஃபிளாஹர்ட்டியின் கதை சொல்லும் திறன் எப்படி வளர்ந்தது என்று கேட்டால், பதில் அந்த ஜன்னலிலும் பனித்துளையிலும் கிடைக்கிறது.

பிரிட்டனில் ஜான் கிரியர்சன் வேறு கோடியிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். அவர் கற்றது தொகுப்பு மேசையில். சோவியத் இயக்குநர் ஐஸன்ஸ்டைனின் ‘பொட்டம்கின்’ படத்தை அமெரிக்கத் திரையிடலுக்காகத் தயார்செய்யும் வேலையில் பங்கெடுத்து, ஒரு வெட்டு ஏன் அங்கே விழுகிறது என்று துண்டு துண்டாகப் பார்த்தவர். வடகடல் ஹெர்ரிங் மீன்பிடியைப் பற்றி அவர் எடுத்த ‘டிரிஃப்டர்ஸ்’ 1929 நவம்பரில் லண்டனில் அதே பொட்டம்கினோடு சேர்ந்து திரையேறியது. அதன்பின் அவர் இயக்குவதைவிடப் பிறரைப் பழக்குவதிலேயே காலத்தைச் செலவிட்டார். எம்பயர் மார்க்கெட்டிங் போர்டிலும், 1933 முதல் பிரிட்டிஷ் தபால்துறையிலும் அவரிடம் சேர்ந்த பேசில் ரைட், ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி போன்றவர்கள் சினிமா படித்தவர்கள் அல்ல. எடுத்த படத்தை வெட்டாமல் அப்படியே தினமும் ஓட்டிப் பார்க்கும் ‘ரஷ்’ நேரமே அவர்களுக்கு வகுப்பு. ஏறக்குறைய அதே காலத்தில் நம் ஏ.கே. செட்டியாரும் இந்தத் தொழிலுக்கு வந்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் முறையாகப் புகைப்படக் கலை படித்தவர் அவர். ஆனால் 1940-ல் வெளியான அவருடைய காந்தி படத்தின் முதன்மையான வேலை, உலகம் முழுக்கப் பலர் எடுத்துவைத்திருந்த 50,000 அடிப் படத்தைத் தேடிச் சேர்த்து, 12,000 அடிக்குக் கொண்டுவந்தது. எதை விடுவது என்ற தீர்மானத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித்தர முடியாது; திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் கண்தான் சொல்லவேண்டும்.

கிரியர்சன் பட்டறையின் பலவீனத்தையும் அதன் படங்களே காட்டுகின்றன. பேசில் ரைட்டின் ‘சாங் ஆஃப் சிலோன்’ (1934) இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியத்தின் பணத்தில் எடுத்தது. நான்கு தனித்தனிச் சிறு படங்களாகக் கேட்டதை ரைட் ஒரே படமாக்கினார். காட்சியும் ஒலியும் ஒன்றோடொன்று மோதும் விதத்தில் அது இன்றும் பாடமாக வைக்கத்தக்க படம். 1935-ல் பிரஸ்ஸல்ஸில் பரிசும் பெற்றது. ஆனால் இலங்கையில் எடுத்தது படம் மட்டும். ஒலி முழுவதும் லண்டனில் சேர்த்தது. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் படிக்கும் வர்ணனை 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் நாக்ஸ் எழுதிய நூலிலிருந்து வருகிறது. மலையகக் காட்சிகளுக்கு மேல் சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் கேட்கின்றன. கொழுந்து பறிக்கிற தமிழ்த் தொழிலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி, லயம், கங்காணி எதுவும் படத்துக்குள் வரவில்லை. பணம் கொடுத்தவர்களை ரைட் மீறியிருக்க முடியாது என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டே ஆன்ஸ்டியும் எல்டனும் எடுத்த ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ படத்துக்கும் பணம் கொடுத்தது ஒரு வணிகச் சங்கம்தான், எரிவாயு விற்பவர்களுடையது. அங்கே கனமான ஒலிப்பதிவுக் கருவியை லண்டன் சேரி வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். கிரியர்சனின் தங்கை ரூபி, குடியிருப்பவர்களோடு பேசிப் பழகி, கேமராவும் மைக்கும் உங்களுடையவை, நடப்பதைச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். எலி, மூட்டைப்பூச்சி, இடிந்த மாடிப்படி என்று அவர்கள் கேமராவைப் பார்த்தே பேசினார்கள். சுமார் கால் மணி நேரப் படம். அழகில் ‘சாங் ஆஃப் சிலோன்’ பக்கத்தில் நிற்காது. தொலைக்காட்சியில் இன்று நாம் பார்க்கும் நேர்முகப் பேச்சுக்கெல்லாம் முன்னோடி அதுதான். கண்ணாடித் தொட்டிக்குள் மீனைப் பார்ப்பதுபோல நீங்கள் மனிதர்களைப் பார்க்கிறீர்கள் என்று ரூபி அண்ணனையே குறை சொன்னதாகக் கிரியர்சன் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தியாவில் அந்தத் தொட்டியின் கண்ணாடி இன்னும் தடித்தது. 1948-ல் மத்திய அரசு தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. ஒவ்வொரு திரையரங்கும் கதைப் படத்துக்கு முன்னால் அதன் குறும்படத்தைக் காட்டியே ஆகவேண்டியிருந்தது. உரிமத்தின் நிபந்தனை அது. வாரந்தோறும் புதிய பிரதி வரும். பல மொழிகளில் வர்ணனை சேர்த்து நாடெங்கும் போகும். அணைக்கட்டும், எஃகு ஆலையும், குடும்பக் கட்டுப்பாடும், வெள்ளமும் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ‘நியூஸ் ரீல்’ என்ற பொதுப்பெயரில் ஓடின. படம் ஆரம்பிக்கும் முன் டீ குடிக்கவும் இடம் தேடவும் அது நேரமாயிற்று. கோடிக்கணக்கான பார்வையாளர்கள் இருந்தும் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எடுத்தவர்களுக்குத் திரும்பி வர வழியில்லை. காட்டுவது கட்டாயம், பார்க்கவைக்கும் படத்தை எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இங்கே ஒரு மறுப்பு எழும்: எஸ். சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி, பிரமோத் பதி போன்ற இயக்குநர்கள் அதே அமைப்பிலிருந்துதானே வந்தார்கள்? வந்தார்கள், ஆனால் எப்போது, எப்படி என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அறுபதுகளின் நடுவில் ஜான் பவ்னாகரி போன்றோர் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்ட சில ஆண்டுகளில்தான் அவர்களுடைய துணிச்சலான படங்கள் வந்தன. சாஸ்திரியின் ‘ஐ ஆம் 20’ (1967) சுதந்திர நாளில் பிறந்த இளைஞர்களைத் தேடிப்போய், இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டது. கசப்பான பதில்களையும் வெட்டாமல் வைத்தது. அதுவரை ஒரே வர்ணனைக் குரல் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பார்வையாளரின் வயதையும் ஏக்கத்தையும் உடையவர்கள் பேசினார்கள். அடைபட்ட பாதை கொஞ்சம் திறந்ததற்கே அவ்வளவு பலன் இருந்தது.

அந்தப் பாதையை முழுதாகத் திறந்து பார்த்தது, அதே 1967-ல், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவில். மீன்பிடி நலிந்து, தீவை விட்டே மக்களை வெளியேற்றிக் குடியமர்த்தலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். கனடிய தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோவும் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்னோடனும் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். வறுமை என்ற தலைப்பில் பத்துப் பேரின் பேச்சை வெட்டி ஒட்டி ஒரே படமாக்குவதுதான் அன்றைய வழக்கம். அப்படி ஒட்டினால் ஒருவர் நல்லவராகவும் இன்னொருவர் ஏமாளியாகவும் தெரிவார் என்பதை லோ உணர்ந்தார். ஆகவே ஒரு ஆள், ஒரு சந்திப்பு, ஒரு விருந்து என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறும்படமாக்கினார். மொத்தம் 27 படங்கள், சேர்த்து ஏறக்குறைய ஆறு மணி நேரம். எடுத்ததை முதலில் அவரவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கிய பிறகுதான் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு குடாவின் மீனவர் சொன்னதை அடுத்த குடாவின் மீனவர் கேட்டார். நேருக்கு நேர் பேசியிராத பகையும் சந்தேகமும் திரை வழியே பேச்சாகின. பிறகு படங்கள் மாகாண அரசுக்குப் போயின. மீன்வள அமைச்சரின் பதிலையும் படமெடுத்துத் தீவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மீனவர்களின் கூட்டுறவுச் சங்கம் அந்தக் காலத்தில்தான் எழுந்தது, தீவு காலியாகவில்லை. அதற்குப் படங்கள் மட்டுமே காரணம் அல்ல. அங்கே முன்னரே உழைத்துக்கொண்டிருந்த ஊர்க் குழுக்கள் உண்டு. ஆனால் குறும்படத்தின் நீளத்தையும் வடிவத்தையும் தீர்மானித்தது அழகியல் கொள்கை அல்ல, பேசியவரின் முகத்தில் விழிக்கவேண்டிய கடமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவரை முழுதாகப் பேசவிட்டு வெட்டாமல் வைக்கும் பொறுமையை லோவின் குழு கற்றது அங்கேதான்.

ஃபோகோவில் படச்சுருளைக் கழுவ வெளியூர் அனுப்பிக் காத்திருக்கவேண்டியிருந்தது. தோளில் மாட்டும் வீடியோ கருவி வந்ததும் அந்தக் காத்திருப்பு போனது. நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினால் போதும். மான்ட்ரியலின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ஊர்க்குழுவினரே கேமராவைப் பிடித்ததை ‘விடிஆர் சென் ஜாக்’ (1969) என்ற படம் பதிவுசெய்திருக்கிறது. நம் நாட்டில் அதன் பலனைக் கண்டது அகமதாபாத். சுயதொழில் பெண்கள் சங்கமான சேவா, 1984-ல் அமெரிக்கப் படைப்பாளி மார்த்தா ஸ்டூவர்ட்டை அழைத்துத் தன் உறுப்பினர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி கொடுத்தது. பயின்றவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கருவியின் கையேடு அவர்களுக்கு வெறும் தாள். மானெக் சவுக்கில் காய்கறி விற்ற லீலாபென் அவர்களில் ஒருவர்; சந்தையில் உட்கார்ந்து விற்கும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றிய படம் ‘வீடியோ சேவா’வின் தொடக்ககாலப் பணிகளில் ஒன்று. எழுத்தறிவு இல்லாதவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று வியக்கிறவர்கள், இந்தத் தொழிலை எழுத்தறிவு உள்ளவர்களும் புத்தகத்தில் கற்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். எடுத்ததை அடுத்த நிமிடமே பார்க்கலாம். தலை வெட்டுப்பட்டிருந்தால் தெரியும், சந்தை இரைச்சலில் பேச்சு மூழ்கியிருந்தால் தெரியும், பேசியவள் பக்கத்திலேயே இருப்பதால் சொன்னது சரியாக வந்திருக்கிறதா என்று அவளே சொல்லிவிடுவாள். ஃபிளாஹர்ட்டி பனியை வெட்டித் தேடிய வசதி இது.

தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியோடு சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். 1990-களின் இறுதியில் கேமரா பழகிய அவர்கள், ஷாட் வகைகளைத் தங்கள் வாழ்க்கையிலிருந்தே பிரித்தார்கள். தாழ இருந்து மேல்நோக்கி எடுத்தால் அது பட்டேல் ஷாட். நிலக்காரரை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணின் கோணம் அது. மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பண்ணையாளின் ஷாட். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கீழே நிற்பவரைப் பார்ப்பது. கண்ணுக்குக் கண் சமமாக எடுத்தால் சங்கம் ஷாட். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தரையில் உட்காருவதால். தாங்கள் பெரும்பாலும் எடுக்கவேண்டியது சங்கம் ஷாட்தான் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். கோணம் பார்வையாளரின் மனதில் என்ன செய்கிறது என்று திரைப்படக் கல்லூரி பல வகுப்புகளில் சொல்வது இவர்களுக்கு உடம்பிலேயே இருந்தது. கேமராவில் எடுத்துத் திரையில் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அதே பெண்கள் வாரங்கல் மாவட்டத்துக்குப் போய் பி.டி. பருத்தி விதைத்த சிறு விவசாயிகளை ஒரு பருவம் முழுக்க, நட்டதிலிருந்து பறிக்கும் வரை, மறுபடி மறுபடி சந்தித்து எடுத்த படம் 2003-ல் வந்தது. நம்பிக்கையோடு பேசியவர்களே பருவத்தின் கடைசியில் கோபத்தோடு பேசுவதை அதில் பார்க்கலாம். முதல் சந்திப்போடு ஊர் திரும்பும் குழுவுக்கு முதல் பேச்சு மட்டுமே கிடைத்திருக்கும்.

எடுத்ததைப் படத்தில் இருப்பவரிடம் காட்டினால் படம் முகஸ்துதியாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. குற்றம் செய்தவரிடம் அனுமதி கேட்டு எந்தப் புலனாய்வுப் படமும் வெளிவராது. நான் சொல்வது அதையல்ல. அதிகாரத்தில் இருப்பவருக்கு மறுப்புரிமை கொடுக்க வேண்டியதில்லை. ஃபோகோவில் அந்த உரிமை மீனவருக்குக் கொடுக்கப்பட்டது, அமைச்சருக்குக் கிடைத்தது பதில் சொல்லும் வாய்ப்பு. வாரங்கல் படத்தில் திரும்பத் திரும்பச் சந்திக்கப்பட்டவர்கள் விவசாயிகள். யாரிடம் காட்டுவது என்பதே ஓர் அரசியல் தீர்மானம்; அதை எடுக்கப் பழகுவதும் தொழிலின் பகுதி. சிலவற்றை நீக்கச் சொல்வார்கள் என்பது உண்மை. அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது, நீக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மனிதர்கள் கூடுதலாகத் திறந்து பேசுவது. கேமராவைக் கண்டதும் எச்சரிக்கையாகி, பொதுப்படையாக நாலு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்ளும் பேட்டிகள் எத்தனை வீணாகின்றன என்று எடிட்டிங் அறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கைபேசி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பது அடுத்த மறுப்பு. மூன்று நிமிடப் படத்தை ஏற்றிய அன்றே எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நொடியில் விலகினார்கள் என்று எண்ணிக்கை வந்துவிடுகிறது. திரும்பி வரும் பாதை இதைவிடச் சுருங்க முடியுமா? எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கிறது. தொடக்கம் மந்தமாக இருந்தால் அது தெரியப்படுத்தும். ஆனால் ஃபிளாஹர்ட்டியின் முதல் படத்தைப் பார்த்தவர்கள் பாதியில் எழுந்து போகவில்லை. அவர்களுடைய முகத்தைப் பார்த்துத்தான் அவர் தோல்வியை அறிந்தார். லண்டன் சேரிப் பெண்மணியோ மானெக் சவுக் வியாபாரியோ தன்னைப் பற்றிச் சொல்லப்பட்டது சரியா என்று சொல்வதை விலகிய நொடி சொல்லாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கற்றவர்கள், விலகாமல் வைத்திருக்கும் உத்தியைக் கற்கிறார்கள்: முதல் மூன்று நொடியில் அதிர்ச்சி, இடைவிடாத இசை, முடிவை முன்னாலேயே காட்டி ஆசைகாட்டுவது. எடுக்கப்பட்ட மனிதருக்கு அதில் பங்கு இல்லை. ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குக் கட்டாயப் பார்வையாளர்கள் கிடைத்து அவர்களுடைய குரல் கிடைக்காமல் போனதும் இதுவும் வேறு வேறு காரணங்களால் வந்த ஒரே குறை.

ஆகவே ஐந்து நாள் பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது நேரப் பங்கீட்டை மட்டும்தான். கேமராவுக்கும் மைக்குக்கும் ஒரு நாள் போதும். இரண்டாம் நாள் ஒருவரை மட்டும், ஒரு வேலையை மட்டும் எடுத்துவரட்டும். மூன்றாம் நாள் மாணவர்கள் அந்தத் துண்டோடு அவரிடமே திரும்பிப் போய், கைபேசியிலாவது போட்டுக் காட்டி, அவர் சிரிக்கும் இடத்தையும், மறுத்துத் தலையாட்டும் இடத்தையும், இது மட்டும் இல்லையே என்று சொல்வதையும் எழுதிக்கொண்டு வரட்டும். நான்காம் நாள் மறுபடி எடுக்கட்டும். எடிட்டிங் மென்பொருளை ஐந்தாம் நாள் திறந்தால் போதும். அதற்குள் எதை வெட்டுவது என்று பாதி தெரிந்திருக்கும்.